குண்ட்ரடா யார் மகள்? இடைக்கால வம்சாவளி தேடுகிறவர்களுக்கு ஒரு முதல் பயிற்சி

இணையத்தில் ஏதாவது ஒரு வம்சாவளித் தளத்தைத் திறந்து குண்ட்ரடா டி வாரென் என்று தேடிப் பாருங்கள். 1085-இல் இறந்துபோன இந்தப் பெண்மணிக்கு ஒரு பக்கத்தில் அப்பா, 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த முதலாம் வில்லியம் மன்னர். இன்னொரு பக்கத்தில் அம்மா மட்டும் அந்த மன்னரின் மனைவி மடில்டா ராணி, அப்பா வேறு யாரோ. மூன்றாவதில் இருவருமே இல்லை. கெர்போட் என்ற ஃபிளாண்டர்ஸ்காரரின், அதாவது இன்றைய பெல்ஜியப் பக்கத்துக்காரரின், பெயர் இருக்கிறது. மூன்றும் சரியாக இருக்க முடியாது.

இடைக்கால இங்கிலாந்தின் குடும்ப வரலாற்றுக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு இவரைத்தான் முதல் பயிற்சியாகச் சொல்வேன். சான்றுகள் கைக்கு அடங்கும் அளவுக்குத்தான் இருக்கின்றன. பெரும்பாலானவை அச்சில் வந்துவிட்டன, பழைய பதிப்புகளை இலவசமாகவே படிக்கலாம். அதற்குள்ளேயே கல்லறை வாசகம், உண்மைப் பட்டயம், திருத்தப்பட்ட பட்டயம், வரலாற்று நூல், நிலப் பதிவேடு, கடிதம் என்று எல்லா வகையும் வந்துவிடுகிறது. இவர் ஒருவரை ஒழுங்காகத் தேடி முடித்தால் அடுத்தவரைத் தேடும் கைப்பழக்கம் வந்துவிடும்.

முதல் படி: சண்டை இல்லாததை முதலில் எழுதுங்கள்

யாரும் மறுக்காத விஷயங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குண்ட்ரடாவின் கணவர் வில்லியம் டி வாரென். நார்மண்டியிலிருந்து வந்தவர். இறப்பதற்குக் கொஞ்சம் முன்பு, 1088-இல், சர்ரேயின் முதல் ஏர்ல், அதாவது பெரிய பிரபு, ஆனார். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து 1077 வாக்கில் சசெக்ஸில் உள்ள லூயிஸ் என்ற ஊரில் புனித பங்கிராஸ் பெயரில் ஒரு மடம் கட்டினார்கள். பிரான்சின் கிளூனி மடத்துக்கு இங்கிலாந்தில் அமைந்த முதல் கிளை அதுதான். குண்ட்ரடா நார்ஃபோக்கில் உள்ள காசில் ஏக்கரில் பிரசவத்தில் இறந்ததாக அந்த மடத்துக் குறிப்பு சொல்கிறது. லூயிஸில் அடக்கம் செய்தார்கள். மூத்த மகன் இரண்டாம் வில்லியம் டி வாரென், அப்பாவுக்குப் பிறகு ஏர்ல் ஆனவர். இந்த மகனை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வழக்கைத் தீர்த்து வைப்பது இவருடைய கல்யாணப் பேச்சுதான்.

பெயரைத் தேடும்போது குண்ட்ரடா, குண்ட்ரட், குண்ட்ரெடா என்று எல்லா வடிவங்களையும் போட்டுப் பாருங்கள். இடைக்காலத்தில் ஒரே ஆளின் பெயர் ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பது சாதாரணம்.

இரண்டாம் படி: சான்றுகளை வயதுப்படி அடுக்குங்கள்

இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். ஒரு பட்டயத்தில் 1080 என்று இருந்தால் அது 1080-இல் எழுதப்பட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நம் கையில் இருப்பது மூலப் பட்டயமா, நகலா? நகல் என்றால் எந்த நூற்றாண்டில் எடுத்தது? எடுத்தவர் யார், அவருக்கு அதில் என்ன ஆதாயம்? ஒவ்வொரு சான்றுக்கு நேராகவும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பதில் தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம்.

குண்ட்ரடாவுக்கு இப்படி அடுக்கினால் வரிசை இப்படி வரும்: கிளூனி மடத்துக்குக் கொடுத்த பட்டயம், 1086-இன் டோம்ஸ்டே நிலப் பதிவேடு, 1100-க்கும் 1109-க்கும் இடையில் எழுதப்பட்ட பேராயர் அன்செல்மின் கடிதம், ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி 1141 வாக்கில் முடித்த திருச்சபை வரலாறு, 12-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செதுக்கிய கல்லறைக் கல், அப்புறம் 1444-இல் லூயிஸ் மடத்தில் தொகுத்த பட்டயப் பதிவேடு. குண்ட்ரடாவை மடில்டா ராணியின் மகள் என்று சொல்வது கடைசியில் நிற்கும் அந்தப் பதிவேடு. அவர் இறந்து முந்நூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதியது. ஒரு சான்றைக்கூட இன்னும் நிதானமாகப் படிக்காத நிலையிலேயே, எதில் சந்தேகம் வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

மூன்றாம் படி: கல் என்ன சொல்கிறது?

லூயிஸ் மடம் 1537-இல் எட்டாம் ஹென்றியின் காலத்தில் கலைக்கப்பட்டு இடிக்கப்பட்டது. குண்ட்ரடாவின் கறுப்புச் சுண்ணாம்புக்கல் பலகை எப்படியோ ஐஸ்ஃபீல்டு என்ற ஊர்த் தேவாலயத்துக்குப் போய், வேறொருவரின் கல்லறை மேல் கிடந்தது. 18-ஆம் நூற்றாண்டில்தான் யாருடைய கல் என்று அடையாளம் கண்டு லூயிஸை ஒட்டிய சவுத்ஓவர் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1845 அக்டோபரில், பழைய மடம் இருந்த இடத்தின் வழியாக ரயில் பாதைக்கு மண் வெட்டிய தொழிலாளிகளுக்கு இரண்டு சின்ன ஈயப் பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் குண்ட்ரடா, இன்னொன்றில் வில்லியம் என்ற பெயர். உள்ளே எலும்புகள். மூன்றடி நீளம்கூட இல்லாத பெட்டிகள் என்பதால், முதலில் புதைத்த இடத்திலிருந்து எலும்புகளைப் பிற்பாடு எடுத்து வைத்தவை என்று புரிகிறது. கல்லும் பெட்டிகளும் இன்றைக்கும் சவுத்ஓவரில் இருக்கின்றன.

கல்லின் ஓரத்தைச் சுற்றியும் நடுவிலும் லத்தீன் கவிதை ஓடுகிறது. குண்ட்ரடாவை டியூக்குகளின் வழித்தோன்றல் என்கிறது. ஏழைகளுக்கு பைபிளில் வரும் மார்த்தாள் போலவும், பக்தியில் மரியாள் போலவும் இருந்தார் என்று புகழ்கிறது. அரசன் மகள் என்று ஒரு இடத்திலும் இல்லை. இது லூயிஸ் துறவிகள் தங்கள் மடத்தை நிறுவிய அம்மாளுக்காகச் செய்வித்த கல். அரச ரத்தம் என்று சொல்ல ஒரு சின்ன இடம் இருந்திருந்தாலும் அதை விட்டிருப்பார்களா? டியூக்குகள் என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். இதை மட்டும் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. வில்லியமும் நார்மண்டியின் டியூக்தானே என்று எதிர்த்தரப்பு கேட்கும். கேட்கட்டும், குறித்துக்கொண்டு மேலே போவோம்.

இறந்த நாளும் கல்லிலேயே இருக்கிறது: ஜூன் கலெண்டஸுக்கு, அதாவது மாதத்தின் முதல் நாளுக்கு, ஆறாம் நாள். ரோமானிய முறையில் மாதத்தின் முதல் நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ண வேண்டும். ஜூன் 1 ஒன்று, மே 31 இரண்டு, 30 மூன்று, 29 நான்கு, 28 ஐந்து, 27 ஆறு. ஆக மே 27. முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணினால் ஒரு நாள் பிசகும். பல வம்சாவளிகளில் இப்படி ஒரு நாள் தள்ளிப் போன தேதிகளைப் பார்க்கலாம்.

நான்காம் படி: பட்டயத்தை வரிக்கு வரி சந்தேகப்படுங்கள்

அரசன் மகள் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை இரண்டு பட்டயங்கள்.

ஒன்று, லூயிஸ் மடத்தை நிறுவிய பட்டயம் என்று 1444-இன் பதிவேட்டில் இருக்கும் நீளமான ஆவணம். வாரெனே பேசுவது போல எழுதியது. தானும் மனைவியும் ரோமுக்கு யாத்திரை கிளம்பியது, போப்புக்கும் பேரரசருக்கும் நடந்த சண்டையால் வழி மறிக்கப்பட்டது, கிளூனியில் தங்கியது, அங்கிருந்த துறவிகளின் வாழ்க்கையைப் பார்த்து மனம் உருகியது என்று கதையாகவே போகிறது. படிக்க அருமையாக இருக்கும். நடுவில், மடில்டா ராணியை என் மனைவியின் தாய் என்று ஒரு வரி. ஆனால் 11-ஆம் நூற்றாண்டுப் பட்டயம் இப்படிச் சுயசரிதை பேசாது. அதே கொடைக்கு உண்மையான பட்டயம் ஒன்று கிளூனியில் இருந்து தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் ராணிக்கும் குண்ட்ரடாவுக்கும் உறவு என்ற பேச்சே இல்லை.

இரண்டாவது, வில்லியம் மன்னரே நார்ஃபோக்கில் உள்ள வால்ட்டன் என்ற நிலத்தை மடத்துக்குக் கொடுத்த பட்டயம். வாரெனின் மனைவி குண்ட்ரடா என்று சொல்லும் இடத்தில் ‘என் மகள்’ என்ற பொருளில் இரண்டு லத்தீன் சொற்கள். ரொம்ப நாள் இதைத்தான் அசைக்க முடியாத சான்றாகக் காட்டினார்கள். 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் தோலில் எழுதிய அந்தப் பட்டயத்தையே உற்றுப் பார்த்தபோதுதான், அந்த இரண்டு சொற்களும் பிற்பாடு வேறொரு கை சொருகியவை என்று தெரிந்தது. 17-ஆம் நூற்றாண்டின் அச்சுத் தொகுப்பை மட்டும் படித்தவர்களுக்கு அது தெரிய வழியே இல்லை. அச்சில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் பட்டயம் என்றால் முடிந்தவரை கையெழுத்துப் படியின் படத்தைப் பாருங்கள். பார்க்க வழியில்லை என்றால், அதை நேரில் பார்த்துப் பதிப்பித்தவரின் அடிக்குறிப்பையாவது படியுங்கள். மை நிறம் மாறுகிறதா, வரிக்கு மேலே எழுதியிருக்கிறதா, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லாரும் அந்த ஆண்டில் உயிரோடு இருந்தார்களா? கடைசிக் கேள்வி ஒன்றுக்கே பல போலிகள் விழுந்துவிடும்.

துறவிகளை நினைத்து ஆத்திரப்பட வேண்டியதில்லை. மடத்தின் நிலத்துக்கும் உரிமைக்கும் ஆவணம் கேட்கும் காலம் வந்தபோது, நிறுவியவரின் மதிப்பை உயர்த்திக் காட்டுவது அவர்களுக்குத் தேவைப்பட்டது. லூயிஸ் மட்டுமல்ல, அன்றைய பல மடங்களில் இது நடந்திருக்கிறது. மடத்துப் பதிவேடுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

ஐந்தாம் படி: வரலாறு எழுதியவர்களும் நிலமும்

ஆர்டெரிக் விட்டாலிஸ் 1075-இல் ஷ்ரூஸ்பரி அருகே பிறந்து நார்மண்டியில் துறவியானவர். அவருடைய நூலுக்கு லத்தீனும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் வரும் ஆறு தொகுதிப் பதிப்பு இருக்கிறது. வாரெனுக்குச் சர்ரே கிடைத்ததைச் சொல்லும் இடத்தில் அவர் மனைவியைப் பற்றி ஒரே ஒரு அடையாளம் தருகிறார்: கெர்போடின் சகோதரி. இந்தக் கெர்போட் வில்லியம் மன்னரிடம் செஸ்டரைப் பெற்று, கொஞ்ச நாளில் ஃபிளாண்டர்ஸுக்குத் திரும்பிப் போய் அங்கே சிறைப்பட்டவர். அதே ஆர்டெரிக் வில்லியம் மன்னரின் பெண்களைப் பெயர் சொல்லித் தனியாகப் பட்டியல் போடுகிறார். அதில் குண்ட்ரடா இல்லை. மன்னர் மகளைக் கட்டிய ஏர்லைப் பற்றி எழுதுகிறவர், மன்னர் பெயரைச் சொல்லாமல், ஊரைவிட்டே போன ஒரு ஃபிளாண்டர்ஸ்காரரைச் சொல்லி அவளை அடையாளம் காட்டுவாரா?

நிலம் இதற்கு ஒத்துப் போகிறது. டோம்ஸ்டே பதிவேட்டில் நார்ஃபோக் பக்கம் வாரெனின் நிலங்களைப் பார்த்தால், சிலவற்றில் ஃப்ரெடரிக் என்பவரின் பெயர் வரும். அவரிடமிருந்து வாரெனுக்கு வந்தவை. ஹெர்வர்ட் என்ற கலகக்காரர் கையில் கொல்லப்பட்ட ஃப்ரெடரிக்கை வாரெனின் சகோதரர் என்று 12-ஆம் நூற்றாண்டு வரலாறு ஒன்று சொல்கிறது. மைத்துனர், அதாவது குண்ட்ரடாவின் சகோதரர் என்பதுதான் இங்கே பொருந்துகிறது. டோம்ஸ்டே முழுவதும் வரைபடத்தோடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆள் பெயர் போட்டுத் தேடலாம். பெண்ணின் பிறந்த வீடு தெரியவில்லை என்றால் கணவன் கைக்கு வந்த நிலத்தின் முந்தைய சொந்தக்காரரைத் தேடுங்கள். இடைக்காலத்தில் பெண்ணின் பெயர் மறைந்துபோன இடத்தில்கூட அவள் வழியாக வந்த சொத்து மறைவதில்லை.

வயதுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள், ஆனால் இந்த வழக்கில் அது எதையும் தீர்க்காது. வில்லியமும் மடில்டாவும் 1050-ஐ ஒட்டித் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண் 1085-இல் பிரசவத்தில் இறப்பது நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது என்பதற்காக நடந்தது என்று எழுதிவிடக் கூடாது.

ஆறாம் படி: கல்யாணத் தடையைத் தேடுங்கள்

இதுதான் எனக்கு இந்த வழக்கிலேயே பிடித்த இடம். மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது நமக்கு முறை. அன்றைய மேற்கு ஐரோப்பியத் திருச்சபைக்கு அது பெரிய குற்றம். பொது முன்னோரிலிருந்து ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் திருமணம் கூடாது என்பது சட்டம். 1215-இல்தான் அதை நான்காகக் குறைத்தார்கள். எனவே பெரிய குடும்பங்களில் கல்யாணப் பேச்சு வந்தாலே யாராவது உறவு எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை எங்காவது எழுத்தில் இருந்தால், வம்சாவளி தேடுகிறவருக்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

குண்ட்ரடாவின் மகன் இரண்டாம் வாரெனுக்கு, மன்னர் முதலாம் ஹென்றி தன் மகள் ஒருத்தியைக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார். முறைப்படி மணக்காத பெண்ணிடம் பிறந்த மகள். ஹென்றி வில்லியம் மன்னருக்கும் மடில்டாவுக்கும் பிறந்தவர் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். உறவு இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று ஹென்றி பேராயர் அன்செல்மிடம் யோசனை கேட்டார். அன்செல்மின் பதில் கடிதம் இருக்கிறது. இருவரும் ஒரு பக்கம் நான்காம் தலைமுறையிலும் மறுபக்கம் ஆறாம் தலைமுறையிலும் உறவு, கிறிஸ்தவச் சட்டத்துக்கு எதிரான எந்த ஒப்பந்தத்தையும் காப்பாற்ற வேண்டியதில்லை என்று எழுதினார். கல்யாணம் நடக்கவில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து எண்ணிப் பாருங்கள். குண்ட்ரடா வில்லியம் மன்னரின் மகள் என்று வைத்துக்கொள்வோம். மன்னருக்குக் கீழே ஹென்றியும் குண்ட்ரடாவும் முதல் தலைமுறை. ஹென்றியின் மகளும் குண்ட்ரடாவின் மகனும் இரண்டாம் தலைமுறை. சொந்த அத்தை மகன், மாமன் மகள். மடில்டாவுக்கு முதல் கணவரிடம் பிறந்தவர் குண்ட்ரடா என்று வைத்தாலும் எண்ணிக்கை மாறாது. மன்னர் இருந்த இடத்தில் ராணி வருவார், அவ்வளவுதான். அப்படி இருந்தால் நான்கு, ஆறு என்று எண்ண என்ன தேவை? என் சகோதரி மகன் என்று ஹென்றிக்கே தெரிந்திருக்குமே. தன் கூடப்பிறந்தவள் யார் என்று மன்னர் மறந்துபோனார் என்று சொல்லத் துணிகிறவர்கள்தான் பழைய கதையைக் காப்பாற்ற முடியும்.

நான்கும் ஆறும் எங்கிருந்து வந்தன என்றும் பாருங்கள். வாரென் குடும்பம் நார்மண்டி டியூக்கின் மனைவி குன்னோரின் உடன்பிறந்தாள் மகள் வழியில் வந்தது என்று டோரிக்னியைச் சேர்ந்த ராபர்ட் என்ற துறவி 12-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அவருடைய விவரங்களில் குழப்பம் உண்டு. ஆனால் எண்ணினால் பொருந்துகிறது. குன்னோரின் பெற்றோரிலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கம் குன்னோர், இரண்டாம் ரிச்சர்ட், ராபர்ட், வில்லியம் மன்னர், ஹென்றி, அவர் மகள்: ஆறு. மறுபக்கம் குன்னோரின் சகோதரி, அவள் மகள், முதல் வாரென், இரண்டாம் வாரென்: நான்கு. உறவு வாரென் வழியாக வந்தது. குண்ட்ரடாவுக்கு அதில் பங்கே இல்லை.

இந்தக் கடிதத்தின் பலம் அது வேறு வேலைக்காக எழுதப்பட்டது என்பதில் இருக்கிறது. குண்ட்ரடாவை உயர்த்தவோ தாழ்த்தவோ அன்செல்முக்கு ஒரு காரணமும் இல்லை. அவர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எந்த வழக்கை எடுத்தாலும் இப்படிப்பட்ட சாட்சியைத் தேடுங்கள்: கடிதம், வழக்குப் பதிவு, வரிக்கணக்கு, திருமண அனுமதி.

ஏழாம் படி: முன்னால் சண்டை போட்டவர்களைப் படியுங்கள்

இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. முதலிலேயே படித்தால் அவர்கள் கண்ணால்தான் சான்றுகளைப் பார்ப்பீர்கள். ஈயப் பெட்டிகள் கிடைத்த அடுத்த ஆண்டே, 1846-இல், தாமஸ் ஸ்டேப்பிள்டன் ஒரு கட்டுரை எழுதினார். மடில்டா முதலில் கெர்போட் என்பவரை மணந்திருந்தார், குண்ட்ரடா அவருக்குப் பிறந்தவர் என்பது அவர் வாதம். பட்டயத்தையும் ஆர்டெரிக்கையும் ஒன்றாகக் காப்பாற்றும் சமாதானம் அது. 1049-இல் ரெய்ம்ஸ் நகரில் கூடிய திருச்சபைக் கூட்டத்தில் போப் வில்லியம்-மடில்டா திருமணத்தைத் தடுத்ததற்கும் இதையே காரணமாகக் காட்ட முடிந்தது. ஆனால் மடில்டாவுக்கு முதல் கணவர் இருந்ததாக அவர் காலத்தில் ஒருவரும் எழுதவில்லை. நார்மானியர் வரலாற்றில் பெரிய பெயரான எட்வர்ட் ஃப்ரீமன் முதலில் ஸ்டேப்பிள்டனை ஏற்றுக்கொண்டு, 1888-இல் நீண்ட கட்டுரையில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். அன்செல்மின் கடிதம் அதில் முக்கியச் சான்று. 1949-இல் வாரென் குடும்பப் பட்டயங்களைப் பதிப்பித்த சார்ல்ஸ் கிளேயும் அதே முடிவுக்குத்தான் வந்தார்.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

உங்கள் வம்சாவளியில் குண்ட்ரடாவுக்கு மேலே இப்படிப் போடலாம். சகோதரர் கெர்போட்: உறுதி, ஆர்டெரிக் சொல்கிறார். சகோதரர் ஃப்ரெடரிக்: பெரும்பாலும், நிலமும் வரலாறும் சேர்ந்து சொல்கின்றன. தந்தை: செயின்ட் ஓமேரில் உள்ள செயின்ட் பெர்டின் மடத்தின் சொத்துக்குப் பரம்பரைக் காவலராக இருந்த, அதே பெயர் கொண்ட இன்னொரு கெர்போட் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து, நேரடிச் சான்று அல்ல. தாய்: காலியாக விடுங்கள். வில்லியம் மன்னரின் பெயரையும் மடில்டாவின் பெயரையும் அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று இரண்டு வரி குறிப்பில் எழுதுங்கள். குறிப்பு இல்லையென்றால் அடுத்து வருகிறவர் நல்லெண்ணத்தோடு திரும்பச் சேர்த்துவிடுவார்.

இதை முடித்த பிறகு தொடர ஆசை இருந்தால், அடுத்ததாக ஐடா டி டோஸ்னியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த வில்லியம் லாங்கெஸ்பே என்ற சாலிஸ்பரி ஏர்லின் தாய் யார் என்று நூற்றாண்டுகளாகத் தெரியாமல் இருந்தது. அழகி ரோசமண்ட் கிளிஃபோர்ட் என்று பலர் நம்பினார்கள். பிராடன்ஸ்டோக் மடத்தின் பட்டயங்களில் அவரே ‘என் தாய் ஐடா கோமாட்டி’ என்று சொல்லியிருக்கிறார், 1979-இல் அவை அச்சில் வந்தன. 1214-இல் பூவின் போரில் பிடிபட்டவர்களின் பட்டியலிலும் ஒரு பெயர் காத்திருக்கிறது: ரால்ஃப் பிகாட், சாலிஸ்பரி ஏர்லின் சகோதரர். ஐடா யாரை மணந்தார் என்று முதலில் கண்டுபிடியுங்கள்.